கொய்யாக்காவும் ஏழு நாள் டிராக்டரும்

எங்க அக்காவுக்கு அறுபத்தொரு வயசு. உயரம் என் தோளுக்கு வரும். தோட்டத்துல இறங்கினா மாமாவோட பழைய சட்டையைப் போட்டுக்குவா, அது முழங்கால் வரைக்கும் தொங்கும். மாமா தையல்காரர்ங்கறதால அதுல முன்னாடி ரெண்டு பெரிய பாக்கெட் வெச்சுத் தச்சுக் கொடுத்திருக்கார். ஒண்ணுல கத்தரி இருக்கும், இன்னொண்ணுல அன்னைக்குப் பறிச்ச கொய்யா இருக்கும். எதிர்ல யார் வந்தாலும் ஒண்ணை எடுத்து நீட்டுவா. வேணாம்னு சொன்னா விடவே மாட்டா. அதனால தெருவுல அவளுக்குப் பேரே கொய்யாக்காதான். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டுக் கதவைத் தட்டுவார்.

நான் அவளுக்கு ஒரே தம்பி. முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்துட்டு ஓய்வு வாங்கினவன். எனக்குக் கோபம் மூக்குமேல நிக்கும், அதை நானே ஒத்துக்கறேன். ஆனா எவ்வளவு கோபம் வந்தாலும் ஒரு மெஷினைப் பத்தி மட்டும் பொய் சொல்லமாட்டேன்னு எனக்கு ஒரு பெருமை இருந்துச்சு. அந்தப் பெருமையை ஒரு குட்டி டிராக்டர் வந்து கெடுத்துட்டுப் போச்சு.

முதல்ல தோட்டத்தைச் சொல்லிடறேன். அக்கா வீட்டுக்குப் பின்னால ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவா இருக்கும். பதினாலு வரிசை, வரிசைக்கு இருபது மரம், அத்தனையும் கொய்யா. இருபத்திமூணு வருஷத்துக்கு முன்னாடி அவளே நட்டது. அதுக்கு முன்னாடி வீட்டை ஒட்டின மாமா தையல் கடையில காஜா எடுத்து, பட்டன் வெச்சு, ஓரம் தச்சுக்கிட்டிருந்தவதான். கால்ல மிதிக்கற மெஷின்ல உக்காந்தா மணிக்கணக்கா எழுந்திருக்கமாட்டா. ஒருநாள் திடீர்னு, எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவங்க சட்டைக்கே உழைக்கறது, பின்னால சும்மா கிடக்கற மண்ணுல மரம் வெக்கப்போறேன்னு சொல்லிட்டா. மாமா மறுத்து ஒரு வார்த்தை பேசல. அவர் எதுக்குமே அதிகம் பேசமாட்டார். கழுத்துல டேப்பு, உதட்டுல குண்டூசி, அப்புறம் எங்கேருந்து பேசறது?

வரிசைக்கு வரிசை பன்னெண்டு அடி விடணும்னு கன்னு வாங்கின இடத்துல சொல்லி அனுப்பியிருந்தாங்க. அளக்கக் கயிறு வேணுமே. கடையில வெட்டி மிஞ்சின புதுக் காட்டன் துணியை நீளநீளமாக் கிழிச்சு, சடை பின்னற மாதிரி பின்னி, அக்கா அருமையா ஒரு கயிறு பண்ணினா. மாமா டேப்பு வெச்சு அளந்து பன்னெண்டு அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அன்னைக்குச் சாயங்காலம் நல்ல மழை. கயிறு வெளியே கிடந்து நனைஞ்சுது, மறுநாள் வெயில்ல காஞ்சுது. காஞ்ச கயிறைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் மும்முரமா குழி குறிச்சுட்டாங்க. துணியைத் தைக்கக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நனைச்சுக் காயவையுங்க, இல்லன்னா சுருங்கிடும்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சொல்ற மனுஷனுக்கு, சொந்தக் கயிறு சுருங்கும்னு தோணவே இல்ல பாருங்க. பன்னெண்டு அடி பத்தரை அடி ஆயிடுச்சு. கன்னு எல்லாம் வேர் பிடிச்சு இலை விட்ட பிறகுதான் யாரோ அளந்து பார்த்துச் சொன்னாங்க. பிடுங்கி நடலாம்னு நான் சொன்னேன். பிடிச்ச வேரைப் பிடுங்கறதாவதுன்னு அக்கா என்னைத் திட்டி அனுப்பிட்டா.

அதோட பலன் மரம் பெருசானப்புறம்தான் தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் கிளை நீண்டதும், நடுவுல இருக்கற சந்துல மிஞ்சினது அஞ்சடி. வாடகை டிராக்டர் எதுவும் உள்ள நுழையாது. ஒரு டிரைவர் வாசல்ல வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துட்டு, இதுக்குள்ள நான் போனா சட்டையைக் கழட்டிட்டுத்தான் போகணும்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார். அதனால இத்தனை வருஷமும் பதிமூணு சந்தையும் மண்வெட்டிதான் கொத்துச்சு. கொத்த ஆள் கிடைச்ச வரைக்கும் சரி. ஆள் கிடைக்காம போனப்புறம் அக்காவே கொத்த ஆரம்பிச்சா.

போன வருஷம் ஒன்பதாவது சந்துல விழுந்துட்டா. வேர் தடுக்கி, மண்வெட்டி மேலயே விழுந்து, தோள்பட்டை இறங்கிப்போச்சு. எழுந்திருக்க முடியல. கூப்பிட்டிருக்கா, மாமா கடையில மெஷின் ஓடற சத்தத்துல காதுல விழல. ரெண்டு மணி நேரம் அப்படியே கிடந்திருக்கா. நான் எதேச்சையா வந்தேன், அக்கா எங்கேன்னு கேட்டேன், தோட்டத்துலதான்னு மாமா சொன்னார். தேடித் தேடிப் பார்க்கறேன், எங்கயும் காணோம். கடைசியில கிளைக்கு அடியில அந்தச் சட்டை தெரிஞ்சுது. கிளையை விலக்கிட்டு ஓடினேன். மூணு மாசத்துல தோள் சரியாயிடுச்சு. எனக்குத்தான் சரியாகல. அன்னைலேருந்து அந்தத் தோட்டத்தைப் பார்த்தாலே எனக்கு ஆகாது.

அதனால நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வெட்டிடணும். ஏழு வரிசை, நூத்திநாப்பது மரம். சந்து அகலமாயிடும், வாடகை டிராக்டர் வந்து உழுதுட்டுப் போயிடும், அக்கா உள்ள இறங்கவே வேண்டாம். இதைச் சொன்னதுக்கு அக்கா ஒரு மாசம் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. அப்புறம் அவளே எங்கயோ விசாரிச்சு, நாலடி அகலத்துல குட்டி டிராக்டர் இருக்காம், ஏழு நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கறாங்களாம், பிடிச்சா வெச்சுக்கலாம்னு வந்து நின்னா. ரொம்ப நேரம் வாதாடி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஏழு நாளைக்குள்ள அந்த வண்டி பதிமூணு சந்தையும் உழுதுட்டா மரத்தை யாரும் தொடமாட்டாங்க. முடியலன்னா எட்டாவது நாள் ரம்பக்காரர் வருவார். முடிஞ்சுதா முடியலையான்னு சொல்ற பொறுப்பு என்னோடது. மெஷின் விஷயத்துல நீ பொய் சொல்லமாட்டே, உன்னை நம்பறேன்னு அக்காவே என்கிட்ட கொடுத்தா.

வண்டி லாரியில வந்துச்சு. கூட ஷோரூம்லேருந்து பெரிய மீசையோட ஒருத்தர் வந்திருந்தார். பலகை வெச்சு இறக்கறப்ப நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். சிவப்பு நிறம். முன் மூடி என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல வருது. முன் சக்கரம் ரெண்டும் ஸ்கூட்டர் சக்கரத்துக்கு அண்ணன் மாதிரி இருக்கு. இதுக்கு டீசல் ஊத்தணுமா, இல்ல பால் புட்டியான்னு கேட்டேன். மீசைக்காரர் கோவிச்சுக்கல, மூடியைத் திறந்து காட்டினார்.

சும்மா சொல்லக்கூடாது, அசந்துட்டேன். ஆயில் பார்க்கற கம்பி, ஃபில்டர், ரேடியேட்டர் வலை, பெல்ட், எல்லாம் நின்ன இடத்துலேருந்து கையை நீட்டினா எட்டுது. எங்க பஸ்ல ஒரு பெல்ட் மாத்தணும்னா பாதி உடம்பை உள்ளே விட்டுத் தலைகீழாத் தொங்கணும். ஸ்டார்ட் பண்ணினார். மூணு சிலிண்டர், பிசிறு இல்லாத சத்தம், பக்கத்துல நின்னு சாதாரணமாப் பேசலாம். எப்படியிருக்குன்னு அக்கா கேட்டா. பரவாயில்லன்னு சொன்னேன். உள்ளுக்குள்ள சொன்னது வேற.

கூட நாலு உருப்படி வந்திருந்துச்சு. மண்ணை உழற ரொட்டவேட்டர் ஒண்ணு, வயித்துக்கு அடியில மாட்டற புல்வெட்டி ஒண்ணு, சின்னதா ஒரு ட்ரெய்லர், அப்புறம் வண்டிக்கு முன்னாடி ரெண்டு இரும்புக் கையோட மண் அள்ளித் தூக்கற பக்கெட். அந்தப் பக்கெட் மேல எனக்கு ஆசை வந்துடுச்சு. ஒரே ஒரு குச்சியை இப்படி அசைச்சா தூக்குது, அப்படி அசைச்சா கவுக்குது. கிணத்தடியில இருந்த எருக் குவியலை அள்ளி வேலியோரம் போட்டேன். அங்கே அது அழகா இல்லன்னு தோணுச்சு, திரும்ப அள்ளிக் கிணத்தடியில போட்டேன். இப்படி நாலு நடை ஆச்சு. கடை ஜன்னல்லேருந்து பார்த்துக்கிட்டிருந்த மாமா உதட்டுலேருந்து ஊசியை எடுத்துட்டு, "மாப்ளே, எரு களைச்சுப் போயிருக்கும், கொஞ்சம் உக்கார விடுங்க"ன்னார்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கல. அந்த வண்டிக்குக் கிளட்ச் கிடையாது. வலது காலுக்கு நீளமா ஒரு பெடல். முன்பாதத்தை அழுத்தினா முன்னாடி போகுது, குதிகாலை அழுத்தினா பின்னாடி வருது. இடது காலுக்கு பிரேக் மட்டும்தான். இடது காலைச் சும்மா வெச்சுக்கோங்கன்னு மீசைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். முப்பத்தோரு வருஷம் கிளட்ச் மிதிச்ச கால் சும்மா இருக்குமா? திரும்பணும்னா மிதிக்குது, வேகத்தைக் குறைக்கணும்னா மிதிக்குது. மிதிச்சதும் வண்டி தலையில அடிச்ச மாதிரி நின்னுடுது. பின்னால இருக்கற பாதுகாப்புக் கம்பியை நிமித்தி வையுங்க, பெல்ட் போடாம ஓட்டாதீங்க, பக்கெட்டை மாட்டறதும் கழட்டறதும் இந்த ரெண்டு பின்தான்னு எல்லாத்தையும் காட்டிட்டு அவர் கிளம்பிட்டார்.

ரெண்டாவது நாள் முழுக்க ரொட்டவேட்டரை மாட்டறதுலயே போச்சு. கீழே ரெண்டு கை, மேலே ஒரு கை, மூணும் துளைக்கு நேரா வந்து நிக்கணும். அப்புறம் வண்டி வால்லேருந்து ரொட்டவேட்டருக்கு ஒரு சுழல் தண்டைக் கோக்கணும். நான் ரிவர்ஸ் எடுக்கறேன், மாமா பின்னால நின்னு, இன்னும் கால் இஞ்சு, ஒரு நூல், அரை நூல்னு கழுத்துப் பட்டைக்கு அளவு சொல்ற மாதிரி சொல்றார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நாப்பது அடி பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்தவனுக்கு நூல் கணக்கெல்லாம் வேணாம்னு கத்தினேன். கத்தினதுக்கு அப்புறம் அரை நூல் எடுத்தேன், பொருந்திடுச்சு. அந்த அவசரத்துல, மாட்டினது கழலாம பிடிக்கற பூட்டு ஊசி ஒண்ணு புல்லுல விழுந்து காணாம போச்சு. மூணு பேரும் முட்டி போட்டுத் தேடினோம். கடைசியில மாமா கடைக்குள்ள போய், கீழே சிந்தற குண்டூசியைப் பொறுக்கற காந்தத்தை எடுத்துட்டு வந்து புல்லு மேல தடவினார். ஊசி வந்து ஒட்டிக்கிச்சு. கூடவே எந்தக் காலத்துலயோ தொலைஞ்ச ரெண்டு கொக்கியும் வந்துச்சு.

மூணாவது நாள் முதல் சந்துல இறக்கினேன். என்னத்தைச் சொல்ல, அவ்வளவு நல்லா உழுதுச்சு. முழங்கால் உயரத்துக் களை அப்படியே மண்ணுக்குள்ள போயிடுச்சு. பின்னால வந்த மண்ணை அக்கா கையில அள்ளிப் பார்த்தா, சலிச்ச மாவு மாதிரி உதிருது. அவ முகத்தைப் பார்க்கணுமே. தோள் இறங்கினதுக்கு அப்புறம் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கல.

சந்து முடியற இடத்துலதான் வம்பு. கடைசி மரத்துக்கும் கம்பி வேலிக்கும் நடுவுல பன்னெண்டு அடி. முன்னாடி பக்கெட் நீட்டிக்கிட்டிருக்கு, பின்னால ரொட்டவேட்டர் தூக்கிக்கிட்டிருக்கு. பக்கத்துச் சந்துக்குத் திருப்பினேன், இடது கால் வழக்கம்போல மிதிச்சுது, வண்டி குலுங்கி நின்னுச்சு. திரும்ப அழுத்தினேன், பக்கெட் போய் வேலிக்கல்லை முறிச்சுது. பின்னால எடுத்தேன், ரொட்டவேட்டர் காயோட ஒரு கிளையை முறிச்சுது. முன்னயும் பின்னயும் ஏழெட்டுத் தடவை போராடினேன். அக்கா அந்த முறிஞ்ச கிளையைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டு, பக்கெட்டைக் கழட்டிட்டுப் பாரேண்டான்னா. பக்கெட் இல்லாத டிராக்டர் என்ன டிராக்டர், இது திரும்பாது, அவ்வளவுதான், என் முடிவைச் சொல்லிட்டேன்னு சாவியை அவ கையில கொடுத்துட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். வர்ற வழியிலயே ரம்பக்காரருக்கு போன் போட்டு, எட்டாவது நாள் காலையில வந்துடுங்கன்னு உறுதியாச் சொல்லிட்டேன்.

உள்ளதைச் சொல்லிடறேன். பக்கெட்டைக் கழட்டினா வண்டியோட நீளம் மூணடி குறையும்னு எனக்குத் தெரியும். ரெண்டு பின்னை உருவினாப் போதும். மெக்கானிக்குக்கு அது தெரியாம இருக்குமா? அது திரும்பறதை நான் விரும்பல. அது திரும்பிட்டா மரம் நிக்கும், மரம் நின்னா அக்கா திரும்பவும் அந்தச் சந்துக்குள்ள போவா. அதனால ஒரு நல்ல வண்டியைப் பார்த்து ஆகாத வண்டின்னு சொன்னேன். அன்னைக்குச் சாப்பாடு இறங்கல, தூக்கமும் சரியா வரல. ஆனாலும் போய் மாத்திச் சொல்லல.

ஏழாவது நாள் காலையில மாமா போன் பண்ணினார். மனுஷன் போன்ல ஆறு வார்த்தைக்கு மேல பேசி நான் கேட்டதில்ல. "மாப்ளே, உங்க பக்கெட் தனியா இருக்கு, வாங்க"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார்.

போய்ப் பார்த்தா, பக்கெட் கிணத்தடியில வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கு. தோட்டத்துக்குள்ளேருந்து சத்தம் வருது. மாமா கடையை விட்டு இறங்கி வந்து நின்னுக்கிட்டிருந்தார், நடந்ததை அவர்தான் சொன்னார். நான் போன மறுநாளே அக்கா மீசைக்காரருக்கு போன் பண்ணி விவரம் கேட்டு, ரெண்டு பின்னையும் அவளே உருவிட்டாளாம். பக்கெட்டைப் பிடிச்சுக்க மட்டும் இவர் போய் நின்னாராம். மத்ததெல்லாம் அவளேதான்.

நான் வேலியோரம் போய் நின்னேன். வண்டி ஒரு சந்துலேருந்து வெளியே வந்துச்சு. ரொட்டவேட்டரைத் தூக்கினா, வளைச்சா, குலுங்கல் இல்ல, நிறுத்தல் இல்ல, அரைவட்டம் போட்டு அடுத்ததுக்குள்ள போயிட்டா. அடுத்ததுன்னா பக்கத்துச் சந்து இல்ல, ஒண்ணு விட்டு அதுக்கு அடுத்தது. பக்கத்துச் சந்துக்கே திரும்பணும்னு நான்தான் ஒத்தைக் கால்ல நின்னேன். அவ ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு போயிட்டு, வர்றப்ப பன்னெண்டு, பத்து, எட்டுன்னு வந்திருக்கா. அகலமா வளைக்க இடம் தாராளமா இருக்கு. இவ்வளவு சுலபமான விஷயம் என் மண்டையில ஏறவே இல்ல.

அவ காலைப் பார்த்தேன். இடது கால் ஒரு ஓரமா அசையாம இருக்கு. வலது கால் மட்டும் முன்பாதம், குதிகால், முன்பாதம், குதிகால்னு பெடல் மேல ஆடுது. எனக்கு அப்பத்தான் உறைச்சுது. வருஷக்கணக்கா தையல் மெஷினை மிதிச்ச கால் அது. அதே முன்பாதம், அதே குதிகால். அவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கல, நான் மறக்க வேண்டியதை மறக்க முடியாம திண்டாடியிருக்கேன். சிரிப்பும் வந்துச்சு, வெக்கமாவும் இருந்துச்சு.

பக்கத்துல கொண்டுவந்து நிறுத்தினா. சட்டையெல்லாம் மண்ணு, மூக்கு நுனியில மண்ணு, கண்ணு மட்டும் பளபளன்னு இருக்கு. பன்னெண்டு சந்து முடிஞ்சுது, ஒண்ணுதான் பாக்கின்னா. எதுன்னு நான் கேட்கல. எனக்குத் தெரியும்.

அப்பவாவது நான் ஒழுங்காப் பேசியிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தாத்தானே. வண்டி கவுந்தா என்ன பண்ணுவே, வழியில நின்னுட்டா என்ன பண்ணுவே, டீசல் குழாய் அடைச்சுக்கிட்டா உனக்கு என்ன தெரியும்னு அடுக்கிக்கிட்டே போனேன். அக்கா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, எஞ்சினை நிறுத்தினா.

"பக்கெட்டைக் கழட்டினா இது திரும்பும்னு உனக்குத் தெரியாதாடா?"

நான் வேலிக்கம்பியைப் பார்த்தேன். தெரியும்னேன்.

"அப்புறம் ஏண்டா பொய் சொன்னே?"

மறைக்க இனிமே என்ன இருக்கு? சொல்லிட்டேன். "அன்னைக்கு நீ ரெண்டு மணி நேரம் கிடந்திருக்கே. உன்னை எனக்குத் தெரியவே இல்லக்கா. பத்தடி தள்ளித்தான் நின்னிருக்கேன், தெரியல. இந்த மரமெல்லாம் போனாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

மாமா திரும்பிக்கிட்டு கழுத்து டேப்பைச் சுருட்ட ஆரம்பிச்சார். அக்கா என்னைத் திட்டுவான்னு நினைச்சேன். திட்டல.

அவ சொன்னதுதான் எனக்குப் புதுசு. விழுந்ததுலேருந்து ஒரு வருஷமா அவளும் ஒன்பதாவது சந்து முழுக்கப் போனதே இல்லையாம். முதல் ரெண்டு மூணு மரத்தைத் தாண்டினதும் பயம் வந்துடுமாம், யாரோ பார்த்துடுவாங்களோன்னு குனிஞ்சு களை பிடுங்கற மாதிரி நடிச்சுட்டுத் திரும்பி வந்துடுவாளாம். அங்கே களை ஆளுயரம் மண்டிக் கிடக்கறதைப் பார்த்து, அவளுக்கு உடம்புல தெம்பு குறைஞ்சுபோச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். மாமாகிட்டகூட சொல்லலையாம். சொன்னா நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அன்னைக்கே ரம்பத்தோட வந்திருப்பீங்களேன்னா. வந்திருப்போம்தான்.

அப்ப இதுல மட்டும் பயமில்லையான்னு கேட்டேன்.

"இல்லடா. முதல் நாள் ஏறி உக்காந்தப்பவே பார்த்துட்டேன். நீ இங்கயே நில்லு. நகராதே. நான் ஒன்பதாவதுக்குள்ள போறேன், என்னையே பார்த்துக்கிட்டிரு. எங்கயாவது ஒரு இடத்துல என் தலை மறைஞ்சுதுன்னா, நாளைக்கு ரம்பக்காரரை வரச் சொல்லு. நான் வாயே திறக்கமாட்டேன்."

எனக்கு அவ சொன்னது புரியல. பெல்ட்டை இழுத்து மாட்டினா, எஞ்சினை ஓடவிட்டா, உள்ளே போயிட்டா.

அக்கா எப்பவும் மரத்தை அவ கைக்கு எட்டற உயரத்துலதான் வெட்டி வெட்டி வெச்சிருப்பா. அஞ்சடிக்கு மேல ஒரு மரமும் கிடையாது. நடந்து போனா அவ அதுக்குள்ள எங்கயோ தொலைஞ்சுபோயிடுவா, வாசல்லேருந்தும் தெரியாது, கடையிலேருந்தும் தெரியாது, பத்தடி தள்ளி நின்ன எனக்கும் தெரியல. இப்ப பார்த்தா, இலைக்கு மேல அவ தலை தெரியுது. வெள்ளையும் கறுப்புமா அந்தக் கொண்டை, கீழே வண்டி தெரியல, சக்கரம் தெரியல, கொண்டையும் அதுக்குப் பின்னால பாதுகாப்புக் கம்பியும் மட்டும் மரத்துக்கு மேல ஒரே சீராப் போயிக்கிட்டிருக்கு. ஒன்பதாவது மரம், பத்தாவது மரம். அன்னைக்கு அவ கிடந்த இடத்துக்கு வந்ததும் நின்னுச்சு. களை அடர்த்தி போல, எஞ்சின் சத்தம் கொஞ்சம் தடிச்சுது, தலை அசையாம அங்கயே இருந்துச்சு. அப்புறம் மெதுவா நகர்ந்து பதினொண்ணு, பன்னெண்டுன்னு போயிடுச்சு. மாமா எப்ப என் பக்கத்துல வந்து நின்னார்னு தெரியல. வாய்க்குள்ளயே ஒவ்வொரு மரமா எண்ணிக்கிட்டிருந்தார்.

இருபதாவது மரத்தைத் தாண்டி, அந்தக் கடைசியில வளைஞ்சு, தலை எங்க பக்கம் பார்த்துத் திரும்பி வர ஆரம்பிச்சப்ப என் போன் அடிச்சுது. ரம்பக்காரர். காலையில ஆறு மணிக்கே வந்துடட்டுமான்னு கேட்டார்.

வரவேணாம்னு சொன்னேன். எட்டு மணிக்கு வரட்டுமான்னார். எப்பவுமே வேணாங்க, மரம் வெட்டலன்னு சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். நல்லாப் பேசி வெச்ச வேலை, திடீர்னு என்ன ஆச்சுன்னு கேட்டார். கண்ணு கலங்கிப்போய் நிக்கறவன்கிட்ட கேட்டா என்ன பதில் வரும்? வாயில வந்ததைத்தான் சொன்னேன்.

"இங்கேருந்து பார்த்தா எங்க அக்கா தெரியறாங்க."